மாத்திரை ஜன்னலும் ஆறு மணி வேனும்

பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் சேர்ந்து வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. மூத்த மகன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலைக்குப் போய் அங்கேயே குடும்பத்தோடு தங்கிவிட்டார். இளைய மகள் செய்யாறு சிப்காட்டில் காலணித் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். விடியற்காலையில் தெருமுனைக்கு வரும் கம்பெனி வேனில் ஏறினால் மாலை ஆறு மணிக்குத்தான் அதே வேன் அவரைக் கொண்டுவந்து இறக்கிவிடும். பெரியம்மா இன்னும் நூறு நாள் வேலைக்கும், களை எடுப்பு இருந்தால் அதற்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறார். சென்ற மாதம் ஒரு காலையில் தன் மருந்துக் குறிப்பேட்டை என் கையில் கொடுத்து, "கம்பவுண்டர் தம்பி, மாத்திரை வாங்கப் போனா ஒரு நாளு கூலி போவுது. நீயே வாங்கியாந்துடு" என்றார்.

நான் கம்பவுண்டர் இல்லை. அரசு ஆவணங்களின்படி ஓய்வுபெற்ற மருந்தாளுநர். ஆனால் முப்பத்தொரு ஆண்டுகள் ஆரம்ப சுகாதார நிலையங்களின் மாத்திரை ஜன்னலுக்கு உட்புறம் நின்றவனை ஊர் அந்தப் பெயரால்தான் அழைக்கும் என்பதால், திருத்துவதை எப்போதோ விட்டுவிட்டேன். அன்று முதன்முறையாக ஜன்னலுக்கு வெளிப்புறம், வரிசையில் நின்றேன். சீட்டு வாங்கி, இரத்த அழுத்தம் பார்த்து, மருத்துவரைப் பார்த்து, "நோயாளி ஏன் வரவில்லை" என்ற நியாயமான கேள்விக்குப் பதில் சொல்லி, மாத்திரைகளை வாங்கி வெளியே வந்தபோது பன்னிரண்டரை மணி. அங்கே யாரும் யாரையும் அலட்சியப்படுத்தவில்லை. எல்லோரும் தத்தம் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். ஆனாலும் அரை நாள் போய்விட்டது. அந்த அரை நாளைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

கிராமப்புற மருத்துவ அமைப்பைச் சீர்திருத்துவது என்றால் கட்டடம், மருத்துவர் எண்ணிக்கை, காப்பீட்டுத் தொகை என்றே பேசிப் பழகியிருக்கிறோம். 1946இல் வெளிவந்த, ஜோசப் போர் (Bhore) தலைமையிலான சுகாதாரக் குழுவின் அறிக்கை முதல் இன்றுவரை அமைப்பு மக்கள்தொகைக் கணக்கில்தான் வளர்ந்தது. சமவெளியில் முப்பதாயிரம் பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அந்தக் கணக்கு. தூரத்தை அளந்தார்கள், தலைகளை எண்ணினார்கள். நோயாளியின் வேலை நாள் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. அதைச் சேர்த்த ஒரே ஒரு தருணத்தில் தமிழ்நாட்டில் பெரிய மாற்றம் நடந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் பணியில் சேர்ந்தது 1986இல். அப்போது எங்கள் பகுதி வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. மருந்து அறை என்பது ஒரு மர அலமாரி, ஆயிரம் மாத்திரைகள் அடங்கிய தகர டப்பாக்கள், இரண்டு பெரிய கண்ணாடிக் குடுவைகளில் நாங்களே கலக்கி வைக்கும் மிக்சர் என்னும் திரவ மருந்து. வருகிறவர்கள் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவர வேண்டும். மாத்திரையைக் கையால் எண்ணிக் காகிதத்தில் மடித்துக் கொடுப்போம். மருந்து வருவது வரும்போதுதான் வரும். வந்த சில மாதங்களில் முக்கியமானவை தீர்ந்துபோக, யாருக்கும் தேவைப்படாத டப்பாக்கள் அலமாரியில் காலாவதியாகிக் கிடக்கும். "ஆஸ்பத்திரியில கலர் தண்ணிதான் குடுக்கறாங்க" என்ற பேச்சு அந்தக் காலத்தில் பிறந்தது. அதை மறுக்க எங்களிடம் ஒன்றுமில்லை.

1994இல் தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் பதிவு செய்யப்பட்டு அடுத்த ஆண்டு மருந்து வழங்கத் தொடங்கியபோது, என் அனுபவத்தில் முதல் உண்மையான சீர்திருத்தத்தைக் கண்ணால் பார்த்தேன். மாநிலம் முழுமைக்குமான மருந்துகளை ஒரே இடத்தில் ஒப்பந்தப் புள்ளி கோரி வாங்கினார்கள். ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியிலிருந்தும் (பேட்ச்) மாதிரி எடுத்து, தயாரித்தவரின் பெயரை மறைத்து ஆய்வகங்களுக்கு அனுப்பி, தேறியதை மட்டுமே வழங்கினார்கள். மாவட்டந்தோறும் கிடங்கு அமைந்தது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் சுகாதார நிலையத்துக்கும் வங்கிக் கணக்குப் புத்தகம் போல ஒரு பாஸ்புக் கொடுத்து, ஒதுக்கிய தொகைக்குள் எங்களுக்குத் தேவையான மருந்தை நாங்களே தேர்ந்து எடுத்துக்கொள்ள விட்டார்கள். மேலிருந்து வருவதை வாங்கிக்கொண்டிருந்த ஒரு கடைநிலை மருந்தாளுநரிடம், "உன் ஊருக்கு என்ன வேண்டும்" என்று அரசாங்கம் கேட்டது அதுதான் முதல் தடவை. விற்பனைக்கு அல்ல என்று அச்சிட்ட அட்டைகளில் மாத்திரை வந்த நாளில், ஒரு தாத்தா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது கடை மாத்திரையா, அரசாங்க மாத்திரையா என்று என்னிடம் இரண்டு முறை கேட்டார். பின்னாளில் கேரளமும் ராஜஸ்தானும் இதே முறையில் தத்தம் கழகங்களை அமைத்தன.

இப்போது முன்பு குறிப்பிட்ட அந்தத் தருணத்துக்கு வருகிறேன். பிரசவ வலிக்கு நேரம் காலம் கிடையாது; நள்ளிரவு இரண்டு மணிக்கு வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிப் போன குடும்பம் அடுத்த பிரசவத்துக்கு வராது. இதைப் புரிந்துகொண்டு, ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்களை முறை வைத்து நியமித்து இருபத்து நான்கு மணி நேரமும் கதவைத் திறந்து வைத்தார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி உதவி படிப்படியாக உயர்ந்து 18,000 ரூபாய் ஆனதும், 2008இல் 108 ஆம்புலன்ஸ் வந்ததும் இதோடு சேர்ந்துகொண்டன. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காட்டுப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. 2018-20 கணக்கில் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு நேரும் தாய் மரணங்கள் நாடு முழுவதும் 97 என்றால் இங்கே 54. இதற்கெல்லாம் பல காரணங்கள் உண்டு என்றாலும், இரவுப் பணியில் ஒரு செவிலியர் விழித்திருந்தது அவற்றில் முதன்மையானது என்று நான் நினைக்கிறேன். நோயாளியின் கடிகாரத்துக்கு அமைப்பு தன் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டது.

அந்த வெற்றிக்குப் பிறகு ஊரே மாறிவிட்டது. என் பெயர்த்தியின் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளை விரல் விட்டு எண்ணலாம். பிறக்கும் குழந்தைகள் குறைந்துவிட்டன. பிறக்கிறவர்களில் பலர் அரசுத் தலைமை மருத்துவமனையிலோ தனியார் மருத்துவமனையிலோ அறுவை சிகிச்சையில் பிறக்கிறார்கள். அதே ஆய்வில் மாநிலத்தின் மொத்தப் பிரசவங்களில் அறுவை சிகிச்சை 44.9 விழுக்காடு, தனியாரிடம் மட்டும் பார்த்தால் 63.8 விழுக்காடு. (இதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்; எழுதினால் கோபத்தில் எழுதுவேன்.) ஆகவே எத்தனையோ ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவுச் செவிலியர் விழித்திருக்கிறார், பிரசவ அறையோ காலியாக இருக்கிறது. மறுபுறம், நிலம் சோறு போடுவது குறைந்து, கொத்து வேலையும் கம்பெனி வேலையும் நூறு நாள் வேலையும் வெளியூரிலிருந்து மகன் அனுப்பும் பணமும் சேர்ந்துதான் வீட்டை நடத்துகின்றன. அந்த வீட்டின் நோயாளி இப்போது கர்ப்பிணி அல்லர்; மாதந்தோறும், ஆயுள் முழுவதும், வந்து மாத்திரை வாங்க வேண்டிய பெரியம்மா.

அரசு இதைக் கவனிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். உலக வங்கிக் கடனுதவியோடு நடந்த சுகாதாரத் திட்டத்தில் விருதுநகர், சிவகங்கை மாவட்டங்களில் இரத்தக் கொதிப்புப் பரிசோதனையை முன்னோட்டமாகத் தொடங்கிப் பிறகு மாநிலம் முழுவதும் விரித்தார்கள். எங்கள் நிலையத்திலும் அதற்கெனத் தனிச் செவிலியரும் தனிப் பதிவேடும் வந்தன. நோய் இருப்பவர்களைக் கண்டுபிடித்தோம், மாத்திரை கொடுத்தோம். ஆனால் 2020இல் மாநிலத்தில் நடந்த ஆய்வு என்ன சொன்னது? இரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கும், சர்க்கரை நோய் உள்ளவர்களில் 10.8 விழுக்காட்டினருக்கும் மட்டுமே அது கட்டுக்குள் இருந்தது. ஓய்வுபெற்ற பிறகு அந்த எண்களைப் படித்தபோது, நான் எண்ணிக் கொடுத்த மாத்திரைகளில் எத்தனை, கொடுத்த மாதத்தோடு நின்றுபோயிருக்கும் என்று யோசித்தேன். முதல் மாதம் வந்த முகம் மூன்றாம் மாதம் வராததை ஜன்னலுக்கு உட்புறம் இருந்தவன் கவனித்திருக்க வேண்டும். கவனித்தேன் என்று சொல்ல முடியவில்லை. வரிசை நீளமாக இருந்தது. வந்தவர்களைப் பார்க்கவே நேரம் சரியாக இருந்தது.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் இந்த இடைவெளியைத்தான் குறிவைத்தது. மகளிர் குழுக்களிலிருந்து வரும் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் அழுத்தம் பார்த்து, மாத்திரையைக் கையில் கொடுக்கிறார்கள். படுக்கையில் கிடப்பவர்களுக்கு இயன்முறை மருத்துவரும் வலி நிவாரணச் செவிலியரும் போகிறார்கள். ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது 2024இல் கிடைத்தது, தகுதியான விருதுதான். நடக்க முடியாத முதியவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இந்தியாவில் வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் தன்னார்வலர் எங்கள் தெருவுக்குக் காலையில் வரும்போது பாதி வீடுகள் பூட்டியிருக்கின்றன. பெரியம்மா ஏரிக்கரையில் மண்வெட்டியோடு நிற்கிறார், மகள் செய்யாற்றில் தோல் ஒட்டிக்கொண்டிருக்கிறார். பூட்டிய வீட்டுக்கு இரண்டாம் முறை வர அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கும் ஊக்கத்தொகை போதாது. அவருக்கும் வீடும் பிள்ளைகளும் உண்டு.

கூலிக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்கலாம். 2024-25இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட கூலி நாளொன்றுக்கு 319 ரூபாய். வேலையிடத்தில் காலையிலும் பிற்பகலிலும் கைப்பேசியில் படம் பிடித்து வருகையைப் பதிவது 2023 ஜனவரியில் கட்டாயமானது. ஆகவே பத்து மணிக்கு மருத்துவமனைக்குப் போய்விட்டுப் பன்னிரண்டுக்கு மண்வெட்டியைப் பிடித்துக்கொள்ளலாம் என்ற பழைய சலுகைக்கு இடமில்லை. மாதம் ஒரு நாள் போனால் ஆண்டுக்கு 3,828 ரூபாய். பெரியம்மா விழுங்கும் மாத்திரைகளை 2025 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட முதல்வர் மருந்தகத்தில் விலை கொடுத்து வாங்கினாலே இதைவிடக் குறைவாகத்தான் ஆகும். இலவச மாத்திரை அவருக்கு விலை மாத்திரையைவிட அதிக விலைக்கு விழுகிறது. 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானது இந்தக் கணக்கில் ஓரளவு கைகொடுத்தது. போக்குவரத்துத் துறை செய்த மருத்துவச் சீர்திருத்தம் என்று அதை நண்பர்களிடம் சொல்வதுண்டு, யாரும் சிரிப்பதில்லை.

நோயாளியின் நேரத்தைச் சரியாகக் கணித்து வைத்திருப்பவர் வேறொருவர். பட்டம் எதுவும் இல்லாமல் ஊசி போடுகிறவர். அவர் கடைத்தெருவில் அறை திறப்பது மாலை ஆறரைக்கு, வேன் வந்த பிறகு. உடம்பு வலி என்றால் ஓர் ஊசி, மூன்று வேளைக்குக் காகிதத்தில் மடித்த மாத்திரை, கையில் இருப்பதைக் கொடுக்கலாம், மீதியைச் சம்பளம் வந்ததும் தரலாம். அவரைப் போன்றவர்களைப் பிடிக்க அவ்வப்போது அதிகாரிகள் வருகிறார்கள். பிடிக்க வேண்டியதுதான், ஊசியில் என்ன போகிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் போன இடத்தில் சில மாதங்களில் இன்னொருவர் வருகிறார். ஆறரை மணிக்கு ஒரு கதவு திறந்திருக்க வேண்டிய தேவை ஊரில் இருக்கும்வரை அப்படித்தான் நடக்கும்.

காப்பீட்டு அட்டையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகி, இன்று ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய்வரை தருகிறது. இதய அறுவைக்கும் புற்றுநோய்க்கும் அது காப்பாற்றிய உயிர்களை நான் அறிவேன். எனினும் அந்தப் பணம் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்த பிறகுதான் வேலை செய்யத் தொடங்குகிறது. சர்க்கரையால் அழுகிய காலை எடுக்க வேண்டி வந்தால் அட்டை உதவும். அந்தக் கால் அழுகாமல் இருக்க மாதந்தோறும் ஒருவர் இழக்கும் கூலிக்கு எந்த அட்டையும் இல்லை.

பெரியம்மாவின் மகளுக்கு இன்னொரு அட்டையும் இருக்கிறது, இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் ஈட்டுறுதி அட்டை. சம்பளத்தில் 0.75 விழுக்காட்டை அவரிடமும் 3.25 விழுக்காட்டை நிறுவனத்திடமும் மாதந்தோறும் பிடிக்கிறார்கள். அவரைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் அதில் சிகிச்சை பெற வழியுண்டு. கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் தொழிற்சாலைக்குப் போகத் தொடங்கியதால் கிராமத்துக்குள் புதிதாக வந்திருக்கும் மருத்துவப் பணம் இது. ஆனால் அதற்குரிய மருந்தகம் நகரத்தில் இருக்கிறது. நான் விசாரித்தவரை எங்கள் தெருவில் அந்த அட்டையைப் பெற்றோருக்காகப் பயன்படுத்தியவர் ஒருவர்கூட இல்லை. வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு, அதே தொழிலாளியையும் அவரைச் சேர்ந்தவர்களையும் கவனித்துக்கொள்ள அந்த நிதியில் ஒரு பங்கு வந்தால் என்ன? ஒன்றிய அரசின் ஒரு கழகமும் மாநிலத்தின் ஒரு துறையும் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் என்பதால் சுலபமில்லை என்பது தெரியும்.

மருத்துவர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு மேற்படிப்பில் ஐம்பது விழுக்காடு ஒதுக்கீடு கொடுத்துத்தான் இந்த மாநிலம் இளம் மருத்துவர்களைக் கிராமங்களுக்கு வரவழைத்தது. இடையில் அது வழக்குகளில் சிக்கியது; மாநிலங்கள் அப்படி ஒதுக்கலாம் என்று 2020 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்கள் சில ஆண்டுகளில் போய்விடுவார்கள். போகட்டும். நீண்டகால நோய்க்கு ஒரே முகம் தொடர்ந்து தேவை என்றால் அது செவிலியரின் முகமாகவும் மருந்தாளுநரின் முகமாகவும்தான் இருக்க முடியும்.

என் யோசனை சிறியது. இரவுக்கென ஏற்கெனவே சம்பளம் வாங்கும் செவிலியர் இருக்கிறார், மின்விளக்கு எரிகிறது, கதவு திறந்திருக்கிறது, கிடங்கில் மாத்திரை இருக்கிறது. பூட்டியிருப்பது மாத்திரை ஜன்னல் மட்டும். வாரத்தில் இரண்டு நாள் மாலை ஆறு முதல் எட்டு வரை அதைத் திறந்து, செவிலியர் அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, கட்டுக்குள் இருப்பவர்களுக்கு மருத்துவர் முன்பே எழுதிவைத்த சீட்டின்படி மாத்திரை தரலாம். கட்டுக்குள் இல்லாதவர்களை மட்டும் பகலில் வரச் சொல்லலாம். நகர்ப்புறச் சுகாதார நிலையங்களில் மாலை நேர பாலிகிளினிக் நடக்கிறது. வேலைக்குப் போகிறவர்கள் நகரத்தில்தான் இருக்கிறார்கள் என்று யாரோ இன்னும் நினைத்துக்கொண்டிருப்பதாகத் தோன்றுகிறது. தடை ஒன்று உண்டு, அது என் சொந்தத் தொழிலைச் சேர்ந்தது: ஒரு நிலையத்துக்கு ஒரு மருந்தாளுநர்தான். அவரையே காலையிலும் மாலையிலும் நிற்கச் சொல்வது அநியாயம். அந்த இரண்டு நாள்களில் அவர் நண்பகலுக்குப் பிறகு வருவது போல நேரத்தை மாற்றலாம், அல்லது ஊராட்சி ஒன்றியத்துக்கு இரண்டு பேரைச் சுழற்சியில் நியமிக்கலாம்.

இன்னொன்று, நான் பணியில் இருந்தபோது கடுமையாக எதிர்த்தது. இரண்டு மாத மாத்திரையை ஒரே தடவையாகக் கொடுப்பது. வீணாகும், எலி கடிக்கும், அடுத்த வீட்டுக்காரிக்குக் கடன் கொடுப்பார்கள், மாதம் ஒரு முறை அழுத்தம் பார்க்கும் வாய்ப்புப் போய்விடும் என்றெல்லாம் கூட்டங்களில் பேசியிருக்கிறேன். கொரோனா ஊரடங்கின்போது எங்கள் பகுதியில் வேறு வழியின்றி அப்படிக் கொடுத்தார்கள். பெரியம்மா அந்த மாத்திரைகளைப் பித்தளைச் சொம்பில் போட்டு மூடி, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்து, ஒன்றுகூட வீணாக்காமல் விழுங்கினார். ஒருவரை வைத்து முடிவு கட்டக் கூடாது என்றாலும், என் பழைய வாதங்களில் பாதி, நோயாளியை நம்பாததிலிருந்து வந்தவை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இன்சுலினுக்கு இது பொருந்தாது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் இரண்டு மாத இன்சுலினை வைக்கச் சொல்ல முடியாது.

சென்ற கிராம சபைக் கூட்டத்தில் இதை ஒரு பக்க மனுவாக எழுதிக் கொடுத்தேன். செவ்வாய், வெள்ளி இரண்டு நாள்கள், மாலை ஆறு முதல் எட்டு வரை. குடிநீர்க் குழாய்க்கும் தெருவிளக்குக்கும் நடுவே பதினான்காவது தீர்மானமாகப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. கையெழுத்துப் போட்டவர்கள் பெரும்பாலும் ஆண்களும் வயதானவர்களும்தான். கூட்டம் பகல் பதினோரு மணிக்கு நடந்தது. விடுமுறை நாளாக இருந்தும் அன்று தொழிற்சாலையில் மிகைநேர வேலை என்பதால், வேன் காலையிலேயே போய்விட்டிருந்தது.